தோள் இறங்கிய நாளில் ஒரு பச்சைத் துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நடவுக் காலத்தில் நடந்தது இது. என் மகள் அப்போது நான்கு மாதக் குழந்தை. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சீக்கிரம் வந்துவிடலாம் என்று எங்கள் ஊரான உறுவையாற்றிலிருந்து பக்கத்திலிருக்கும் வில்லியனூருக்கு ஸ்கூட்டியில் கிளம்பினேன். வயலில் உழுத டிராக்டர்கள் இழுத்து வந்த சேறு ரோடெல்லாம் கிடந்தது. வண்டி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வலது தோள் கழன்று இறங்கிவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, எனக்குப் போனது திரும்பி வந்ததாகவே தெரியவில்லை.

தகவல் தெரிந்து ஓடி வந்த கொழுந்தனார்தான் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. டாக்டருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். தொட்டாலே நான் துடித்ததால், மயக்கம் கொடுத்துத் தோளை ஏற்றலாம் என்றார். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். அதனால் மாலைவரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகும் படுத்திருக்க வேண்டும் என்றார்.

பால் கட்டி மார் கல்லாகியிருந்தது. என் மகள் பாட்டில் பாலை நாக்காலேயே தள்ளிவிடுவாள். இந்நேரம் அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஒரு பக்கம் கொழுந்தனார், இன்னொரு பக்கம் டாக்டர். ஊரில் வாயாடி என்று பேர் வாங்கியவள் அன்று ஊமையாகப் படுத்திருந்தேன்.

பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் அக்கா, என் ஜாக்கெட் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டார். ஒரு பச்சைத் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார். கொழுந்தனாரை ஏதோ வாங்கிவர அனுப்பிவிட்டு, என்னிடம் குனிந்தார்.

“இன்னாமா, வூட்ல கைக்கொழந்த இருக்குதா?”

அழுதபடியே தலையை ஆட்டினேன். அவரே டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

“இதச் சொல்றதுக்கு இன்னாக்கா கூச்சம்?” என்றபடி டாக்டர் என்னிடம் வந்தார். “மயக்கமே வேணாம். மூட்டுக்குள்ள மரத்துப்போற ஊசி போட்டு ஏத்திடலாம். பால் குடுக்கலாம், கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது.”

ஊசி சுருக்கென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வலி அடங்க, கடித்துக்கொண்டிருந்த பல் தானாக விட்டது. டாக்டர் என் கையை மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக உயர்த்தினார். இழுப்பது தெரிந்தது, நோகவில்லை. உள்ளே ‘டொக்’ என்றது. அவ்வளவுதான்.

அதற்குள் தகவல் போய், மாமியார் குழந்தையோடு வந்து சேர்ந்தார். என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அவளை ஏந்த முடியவில்லை. நர்ஸ் அக்கா திரையை இழுத்துவிட்டு, தலையணைமேல் அவளைக் கிடத்தி, விசும்பி விசும்பி அவள் குடித்து முடிக்கும்வரை தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், அங்கே எந்தப் பெண்ணாவது வலியோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கூட வந்தவர்களை ஏதாவது வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான், ‘இன்னாமா’ என்று கேட்கிறேன்.