ரீச்டு

முத்தாபுதுப்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் நனைந்த டிபன் பை. அந்தி மழையில் சாலை மூழ்கியிருந்தது.

"தண்ணி ரொம்ப கீதும்மா, வண்டி போவாது. எறங்கிக்க," என்றார் டிரைவர்.

இறங்குமுன் அந்தப் பெண் போனில் 'ரீச்டு' என்று தட்டி அனுப்பினார்.

"இன்னும் வீடு போய்ச் சேரலியேங்க?" என்றேன்.

"தெனமும் ஆட்டோவுலயே அனுப்பிடுவேங்க. ஊர்ல அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் வார்த்தை இதான். இது வந்தாத்தான் சாப்பிடுவாங்க."

சாலை எது, கால்வாய் எது என்று தெரியாத தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார். முழங்கால், பிறகு இடுப்பு. வளைவுக்கு அப்பால் தெரியவில்லை.

அவர் அம்மா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். எனக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி வரவில்லை.