கடலைப் பார்க்காதவர்கள்

மகள் பள்ளிக்கூடப் பரீட்சைக்காக, கிரேக்கர் பாரசீகரைச் சலாமிஸ் கடலில் தோற்கடித்த கதையைக் குசினி மேசையில் இருந்து எனக்கு ஒப்புவித்தாள். பாதி டேனிஷ், பாதி தமிழ். நான் வெங்காயம் வெட்டியபடி, தளபதிகளின் வீரப் பிரதாபம் எப்போது தொடங்கும் என்று எரிச்சலோடு காத்திருந்தேன்.

கதையில் வந்தவர்களோ துடுப்பு வலித்த ஏழைகள். கவசம் வாங்க வழியில்லாதவர்கள். அடித்தட்டில் இருந்தவர்களுக்குக் கடலே தெரியாதாம். முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும்தானாம். வெல்கிறோமா, மூழ்கப்போகிறோமா என்று தெரியாமலே வலித்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கத்தியை வைத்துவிட்டேன்.

"வெண்ட பிறகு, அலுவல் முடிஞ்சுது போங்கோ எண்டு கலைச்சுப்போட்டாங்களோ?"

"இல்லை அப்பா. அவை இல்லாட்டி கப்பல் ஓடாதே. அதுக்குப் பிறகு சனம் கூடி முடிவெடுக்கிற சபையில அவையின்ர சொல்லுக்கு மதிப்புக் கூடிட்டுது."

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் தொழிற்சாலையில் தொழிற்சங்கக் கூட்டம் நடந்தால், தமிழர் நாங்கள் நாலு பேரும் கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். எங்கள் உண்மையான கூட்டம் வீடு திரும்பும் காருக்குள்தான் நடக்கும். அங்கே ஒருவருக்கும் வாய் ஓயாது. இருபது வருடமாக இதுதான் வழக்கம்.

அடுத்த கூட்டத்தில் புதிய வேலை நேரத்தை வாசித்தார்கள். எனக்கு முன்னால் வரிசை வரிசையாக முதுகுகள். டேனிஷில் என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

"அண்ணை, காருக்குள்ள கதைப்பம்," என்று பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

நான் கையை இறக்கவில்லை.