முதுகில் ஒரு பறக்கும் காளை

ஐம்பதை நெருங்கும் வயதில் முதுகு முழுக்கப் பச்சை குத்திக்கொண்ட மோட்டார் கடைக்காரன், பெரியநாயக்கன்பாளையத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தோளுக்குத் தோள் இறக்கை விரித்த காளை. உடம்பெல்லாம் மீன் செதில், வால் மட்டும் உடும்புடையது. வரைந்தது என் மகள்.

உலகத்தில் இல்லாத பிராணிகளை வரைவதுதான் அவள் பிழைப்பு. வீடியோ கேம்களுக்கும் கதைப் புத்தக அட்டைகளுக்கும் வரைகிறாள். கோவையில் அப்படிப்பட்ட ஓவியர்கள் கூடிய கண்காட்சி ஒன்றுக்கு அவளுக்குப் பெட்டி தூக்கப் போயிருந்தேன். தலையில் கொம்பு ஒட்டிய ஒரு பெண் எங்கள் மேசையைப் பார்த்து ஓடி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவளோ காளைப் படத்தின் முன்னால் கண் கலங்கி நின்றாள். "அங்கிள், பரீட்சை நாளெல்லாம் இதைப் பாத்துட்டுத்தான் கெளம்புவேன்" என்றாள். எனக்கும் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. மறு வாரமே பச்சை குத்துகிறவனிடம் முதுகைக் கொடுத்துவிட்டேன்.

மனைவி பார்த்துவிட்டு, "தைரியம் முன்னால இருக்கோணுமுங்க. பின்னால இருந்தா நீங்க ஓடறப்பத்தான் வெளிய தெரியும்" என்றாள்.

பிறகு மகளுக்குக் காங்கேயத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. எண்ணெய் மில், தோப்பு, கட்டுத்தறியில் காளைகள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. "பொண்ணு என்னுங்க பண்ணுது?" என்று பையனின் அப்பா கேட்டார். பூதம் வரைகிறாள் என்று எப்படிச் சொல்வது? "டிசைனிங்குங்க" என்றேன். "பனியன் துணிக்குங்களா?" என்றார். தலை தானாக ஆடிவிட்டது.

மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். "நிச்சயத்துக்கு முன்னால நீங்களே உண்மையச் சொல்லிப்போடுங்கப்பா. வரையறத ஒளிச்சு வெச்சு எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க." பையனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவனும், "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்று பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டான். ஒரு வீரன் இன்னொரு வீரனை அடையாளம் கண்டுகொண்டான்.

இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தபோது சம்பந்தியாக வரப்போகிறவர் போன் செய்தார். நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் பாலக்காடு தாண்டி ஒரு கோயிலுக்குப் போய்வர வேண்டுமாம். சந்தோஷமாகச் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது.

காய்ச்சல் வருமா என்று மூன்று நாள் காத்திருந்து பார்த்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

கோயில் வாசலில் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். காவலாளி அதை இடுப்பில் கட்டச் சொன்னார். சுவரோடு முதுகை ஒட்டி நண்டு போல நகர்ந்தேன். சம்பந்தி கும்பிட்டு வழிவிட்டார். "நீங்க முன்னால போங்க."

"இல்லீங்க, நீங்க போங்க."

"அட, பெரியவங்க நீங்க போங்கங்க."

அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் ஊர் மரியாதைக்கு முன்னால் அதெல்லாம் செல்லாது. ஐந்தாவது சுற்றில் நான் தோற்றுத் திரும்பினேன்.

சம்பந்தி பின்னாலேயே வந்தார். "ஏனுங்க, முதுகுல என்னமோ..." என்றார்.

"சர்ப்ப தோஷமுங்க. ஜோசியரு குத்திக்கச் சொன்னாரு."

"சர்ப்பத்துக்குக் கொம்பு இருக்குதுங்களே?"

"பெரிய தோஷமுங்க" என்றேன்.

பக்கத்து வரிசையில் மகள் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாமியை நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் வரைய உட்கார்ந்த நாளிலிருந்து அவளை எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரையும் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது மதுக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் இறங்கினோம். என் மனைவியும் சம்பந்தியம்மாவும் காரிலேயே இருந்துவிட்டார்கள். மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றாள்.

டீயோடு சம்பந்தி முன்னால் போய் நின்றேன். "அது தோஷமில்லீங்க. எம் பொண்ணு வரைஞ்ச படமுங்க. அவ தொழிலே இதானுங்க. பனியன்னு நான் தலையாட்டுனது பொய்யிங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "சட்டையக் கழட்டுங்க."

அடி விழுமோ என்றுகூட நினைத்தேன். கழற்றித் திரும்பி நின்றேன். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் முகம் தெரியாது, மகள் முகமும் தெரியாது. ஒரு விரல் மட்டும் என் தோள்பட்டையைத் தொட்டது.

"அம்மணி, றெக்கை திமிலுக்கு ஒட்டி மொளைக்குதே. அப்ப நொகத்த எங்க வெக்கறது?"

"இது ஏர் ஓட்டற மாடு இல்லீங்க மாமா."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா பறக்கறதுக்குங்க."

விரல் அங்கேயே நின்றது. 'சும்மா' என்றா சொல்வாள், மாடு வைத்துப் பிழைக்கிற மனுசனிடம்?

"கண்ணு ஏன் இப்படி மெரண்டு கெடக்குது?"

"மொதல் தடவையாப் பறக்குதுங்க. கீழ பாத்துருச்சு."

அவர் விரல் இறக்கை ஓரமாக நகர்ந்தது. எனக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏ புள்ள, எறங்கி இங்க வா!" என்று காரைப் பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். "வந்து பாரு, றெக்கை ஆடுது!"