பஸ்ஸுக்கே தெரிந்த பின் நம்பர்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டி ஓட்டி என் காது பாதி போய்விட்டது. என் மனைவிக்குப் புரை விழுந்து இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. ஆக, எங்கள் வீட்டில் போனில் பணம் அனுப்ப இரண்டு பேர் வேண்டும். திரையைப் பார்ப்பது நான். பின் நம்பரை ஞாபகம் வைத்திருப்பது அவள். என் மண்டையில் எண் எதுவும் நிற்காது. தறிக்காரர் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம்.

கண் ஆபரேஷனுக்காகத் திருப்பதி பஸ் ஏறிய அன்றும் அதுதான் நடந்தது. பெண்களுக்கு இலவசம், எனக்கு மட்டும்தான் டிக்கெட். கண்டக்டர் நீட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, "பின் இன்னாமே?" என்றேன். அவள் ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினாள். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் பையைத் துழாவினால் போன் இல்லை. பஸ்ஸிலேயே விட்டிருக்கிறேன். ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது. மதியத்துக்குள் கட்டாவிட்டால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. போனை எடுத்தவன் பணத்தை எடுத்துவிட்டால் என்றைக்குமே கிடையாது. போனுக்குத் தனிப் பூட்டு போடாத புத்திசாலி நான். பின் நம்பரோ பஸ்ஸுக்கே தெரியும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் தன் போனைக் கொடுத்தாள். என் நம்பருக்குப் போட்டுப் பேசியது மனைவிதான். எடுத்தவர் அதே கண்டக்டர். "பஸ்ல நான் கத்துன பின்னு உங்க காதுலயும் உழுந்திருக்குமே சாமி. அதைப் போட்டு இந்த ஆஸ்பத்திரிக்குப் பணத்த அனுப்பிடுங்க" என்று கெஞ்சினாள். அவர் தெலுங்கும் தமிழுமாக, "வத்தம்மா, வேணாம். உங்க பின்னை நான் தொடக் கூடாது. நானே எடுத்துகினு வரேன்" என்றாராம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் போய் நின்றேன். அவரோ வேறு வாசல் வழியாக வந்து, அவள் கையில் போனை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது போன் அவள் மடியில் இருந்தது. பணம் அப்படியே இருந்தது.

"மொதல்ல பின்னை மாத்தச் சொன்னாரு" என்று சிரித்தாள். "ஆட்டோ காசு குடுத்தேன், வாங்கல. எதுனா துன்னுட்டுப் போங்கன்னேன். பஸ்சு கெளம்பிடும்னு ஓடிட்டாரு."

சாப்பிடும் நேரத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. அடுத்த கண்ணையும் பிறகு சரிசெய்துவிட்டோம். இப்போது வீட்டில் பணம் அனுப்புவது அவள் ஒருத்திதான். புது பின் நம்பரை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மனிதருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அதே பஸ்ஸில்தான் திருப்பதி போகிறோம். டிக்கெட் எடுத்தபோது நான் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவளுக்குத் தெரிந்தது அவர் குரல் மட்டும். புத்தூர் தாண்டினால் மலை, மரம், கடைப் பலகை என்று ஒன்று விடாமல் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வருவாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டுப் பக்கத்தில் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.