மாமிக்குத் தெரியாத எழுத்து

கணவர் இறந்த மறுவருஷம், தெலுங்கு ஊரான ராமச்சந்திராபுரத்தில், பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் தள்ளி கல்பகம் மாமி பலகாரக் கடை வைத்தார். வாசலில் கடையின் பெயரைப் பெரிதாக எழுதி ஒரு போர்டு. தெரிந்தவர்கள் மட்டும் வந்தார்கள்.

மாமி ஒரு வாரம் வாசலில் நின்று கவனித்தார். ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்களுக்குப் பசி. ஆனால் வீட்டுக்குப் போகும் அவசரம். ஒரு கரும்பலகை வாங்கி, அவர்கள் முகத்துக்கு நேரே நடைபாதையில் நிறுத்தினார். "இப்போதுதான் எடுத்த மெதுவடை. இரண்டே நிமிஷம்." வாங்கும் எண்ணமே இல்லாமல் இறங்கியவர்கள் அன்றைக்குக் கடைக்குள் வந்தார்கள்.

அதைத் தெலுங்கில் எழுதியவள் பக்கத்து வீட்டு ஹம்ஸினி. இங்கேயே பிறந்து படித்தவள். மாமிக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், எழுத்து தெரியாது. மூன்று வருஷமாக மாமி தினமும் சொல்ல, அவள் எழுதினாள். அவள் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் மாமிதான்.

போன ஆவணியில் நாலு நாள் கூட்டமே இல்லை. ஐந்தாம் நாள் கம்பெனி பஸ் டிரைவர் முகமது யூசுப் வந்தார்.

"கைக்கு அம்மா, ஏன் கடையை பந்த் பண்றீங்க?"

"யார் சொன்னா?"

"உங்க போர்டுதான்." பலகையைப் படித்துக் காட்டினார்: "இங்கே கடையை மூடுகிறோம். இதே வடை இனி ஸ்டாப்பை ஒட்டிய புதுக் கடையில்."

மாமி நேரே அங்கே போனார். வாணலிக்கு முன்னால் ஹம்ஸினியின் கணவன் வினய். கல்லாவில் அவள்.

"சொல்லியிருந்தா நானே வந்து விளக்கேத்தியிருப்பேனேடி. எதுக்குப் பொய் எழுதினே?"

ஹம்ஸினி நிமிரவில்லை. "போர்டைப் பார்த்துதானே மாமி, எல்லாரும் உங்க கடைக்கு வந்தா? எழுதினது நான்தானே?"

கூட்டம் இல்லாத அந்த நாலு நாளும் மாமி அவளிடம், "நான் சொன்னபடிதானே எழுதினே?" என்று கேட்டிருந்தார். "ஹவ் மாமி" என்று அந்த ஊர்ப் பேச்சில் சிரித்துக்கொண்டே ஆமாம் சொல்லியிருந்தாள்.

அன்று பலகையை யூசுப் எழுதித் தந்தார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள், வடை வாங்க வந்த ஒருவரிடம் மாமி அதைப் படித்துக் காட்டச் சொன்னார். யூசுப் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பஸ்ஸுக்குப் போனார்.

பாதிக் கூட்டம் திரும்பி வந்தது. யார் எழுதினாலும், இரண்டு பேரிடம் படிக்கக் கேட்காமல் மாமி பலகையை வெளியே வைப்பதில்லை.