பெயருக்கு முன் ஒரு மூச்சு

கண்டக்குழியில் யாராவது மௌத்தானால் ஜௌபரைத் தேடுவார்கள். ஒருவர் கபன் துணிக்கு ஓடுவார், சிலர் குழி வெட்ட மண்வெட்டியோடு மையவாடிக்குப் போவார்கள், இன்னொருவர் ஜௌபர் வீட்டுக் கேற்றைத் தட்டுவார். தண்ணீர் வெட்டு, சொட்டு மருந்து, காணாமல்போன ஆடு எல்லாவற்றையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பாங்கு சொல்கிற மோதினாரே சொல்லிவிடுவார். மௌத்துச் செய்தி மட்டும் ஜௌபருக்கு உரியது.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஊரில் ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே பல்கலைக்கழகம். அவன் இசை, நான் நாடகமும் அரங்கியலும். அவனுடைய வாப்பா நூஹு மாமாவிடம் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், “கலைப்பீடம்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். கலைப்பீடத்தில் என்ன பாடம் என்று தொடர்ந்து கேட்கிறவரிடம் உடனே அவருடைய படகு இஞ்சினைப் பற்றி விசாரிப்பார். இசை படிக்கிற மகனை ஒளிக்கிற அதே மனிதர், பள்ளியிலிருந்து அந்த மகனின் குரல் வந்தால் சாரத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் மௌத்தானவருக்கான கவலையோடு வேறொன்றும் இருக்கும். என் வாப்பாவின் முகத்தில் அதை நான் கண்டதில்லை.

ஜௌபர் பயிற்சி செய்து நான் பார்த்ததே இல்லை. இஞ்சினுக்கு எண்ணெய் விடும்போது பாடுவான், றால் உரித்துக்கொண்டு பாடுவான், பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். பரீட்சைக்கு முதல் நாளும் பந்தடிக்கப் போவான். சுருதி பிசகாமல் பாடிவிட்டு, “எப்பிடி மச்சான்?” என்று வேறு கேட்பான். நான் கூரை மின்காற்றாடியை முழு வேகத்தில் சுழலவிட்டு, உம்மாவுக்குக் கேட்காமல் செய்தித்தாளை உரக்க வாசித்துப் பழகுகிறவன்.

இந்த அறிவித்தல் வேலை அவனுக்கு வந்ததே தற்செயலாகத்தான். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மோதினாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கென்று ஒரு மௌத்து. தொழுகைக்காகப் பள்ளி ஹவுள் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். நானும் அதே ஹவுளில்தான் நின்றேன். அவன் ஒரு படி மேலே நின்றான். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

“எமதூரைச் சேர்ந்த” என்று தொடங்கிய ஜௌபருக்கு யாருடைய பெயரைச் சொல்வதென்று தெரியாது. அவசரத்தில் யாரும் சொல்லவில்லை. அவன் நிறுத்தினான். மைக்கில் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. யாரோ ஓடிவந்து காதில் சொல்லும்வரை ஊர் முழுவதும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகப் பெயரைச் சொன்னான்.

அன்றிலிருந்து பெயர் தெரிந்தாலும் அந்த இடத்தில் நிறுத்துவான். அவன் நிறுத்தினால் ஊரில் எல்லாமே நிற்கும். குழாயடியில் தண்ணீரை மூடுவார்கள். ஓடுகிற மோட்டார்சைக்கிள் ஓரமாக நிற்கும். கிழிந்த வலை பொத்துகிற கைகள் அப்படியே அந்தரத்தில் இருக்கும். நான் கவிதை வாசிக்கிறவன். இரண்டு வரிகளுக்கு நடுவில் விடுகிற வெள்ளை இடத்தில் வாசகன் நிற்க வேண்டும் என்று நம்பி நிறைய எழுதிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவரும் நின்றதில்லை. இவனோ பெயர் தெரியாமல் முழித்ததில் ஒரு ஊரையே நிறுத்தினான்.

இந்த முறை காற்று விழுந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் போய்விட்ட பிறகு, எங்கள் ஊர் லொட்ஜ் ஒன்றைப் பல்கலைக்கழகம் எடுத்தது. இசை, கலைத்துறை மாணவர்களுக்கான மூன்று நாள் தொழில் வழிகாட்டல் செயலமர்வு. தன்னை அறிமுகம் செய்வது, மேடையில் அறிவிப்பது, நேர்முகத்தில் பேசுவது எல்லாம் அதில் இருந்தன. எனக்கு ஒன்றுதான் முக்கியம். வளவாளராக வரும் கௌதமி மிஸ் கொழும்பில் குரல் பதிவு நிலையம் நடத்துகிறவர். கடைசி நாள் ஒருவரைத் தெரிவு செய்து, சம்பளத்தோடு ஆறு மாதம் தன்னிடம் பயிற்சிக்கு வைத்திருப்பார். அந்த இடத்துக்காக நான் ஒரு வருடமாகக் காற்றாடிக்குக் கீழே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஜௌபர் வர விருப்பமில்லாமல்தான் இருந்தான். பிறகு அவனே கூப்பிட்டான்.

“மச்சான் அஃப்ராஸ், பகலைக்கு அங்க றால் பிரட்டல் கறியாம்டா. வா, போவம்.”

நேர்முகப் பயிற்சியில் மிஸ் எல்லோரிடமும், “உங்கட பலவீனம் என்ன?” என்று கேட்டார்.

ஜௌபர் எழுந்து, “பசி, மிஸ்” என்றான். மண்டபமே சிரித்தது.

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் நல்ல பதில். பாதியிலேயே மிஸ், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி, பின்னுக்குக் கேக்கேல்லையாம்” என்றார். அதுதான் என் பலவீனம் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

கடைசி நாள் குரல் தேர்வு. புதிதாகத் திறக்கும் ஒரு புடவைக்கடையின் விளம்பரத்தை ஒவ்வொருவரும் மைக்கில் வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது ஒரு எழுத்தும் பிசகவில்லை. “உச்சரிப்பு சுத்தம்” என்றார் மிஸ். நன்றி சொல்லத் தலையை உயர்த்தினேன். எல்லோரும் கைபேசியில் இருந்தார்கள்.

அடுத்தது ஜௌபர். சாப்பிட்ட கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

“அன்பார்ந்த பொதுமக்களே, உங்கள் நகரில் கோலாகலமாகத் திறந்து வைக்கப்படுகிறது…”

கடையின் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினான். பழக்கம்தான். அவனுக்கே தெரிந்திருக்காது.

பிளேன்ரீக் கோப்பைத் தட்டத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்த றுக்கியா ராத்தா அப்படியே நின்றார். லொட்ஜ் சமையலறையில் வேலை செய்கிறவர், எங்கள் ஊர். தட்டத்தை நிலத்தில் வைத்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்தார்.

“இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்… யாருடா மவன்? எந்த ஊட்டுல?”

“ராத்தா, புடவைக்கட ராத்தா!” என்று ஜௌபர் மைக்கிலேயே கத்தினான்.

“புடவைக்கட முதலாளியா? அல்லாவே!”

மண்டபம் வெடித்தது. வெளியூர் மாணவர்களுக்கு விஷயம் விளங்கவில்லை, றுக்கியா ராத்தாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மிஸ் மட்டும் பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: “என்ன நடந்தது? ஏன் அந்த அம்மா தட்டத்தை வச்சவ?”

மூன்று நாளும் கேட்டால் மட்டும் பேசிய நான் எழுந்தேன். என் கால்கள் தாமாக எழுந்ததுபோல் இருந்தது.

“மிஸ், இவன் எங்கட ஊர்ல மௌத்து அறிவிக்கிறவன். இவன்ட சத்தம் கேட்டா யாரோ முடிஞ்ச எண்டுதான் அர்த்தம். இவனைக் கொண்டு கடை திறப்புச் சொன்னா, சனம் சந்தூக்கத் தூக்கிட்டுத்தான் வரும்.”

மையத்துக் கொண்டுபோகும் சந்தூக்கைத் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஒரு மண்டபம் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஜௌபரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெரிவில் அவனுடைய பெயர் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு கருப்பட்டித் துண்டுபோல நாக்கில் கரைந்தது.

மிஸ் சிரிக்கவில்லை. “அந்தச் சத்தம் கேட்டா ஊர்ல என்ன நடக்கும், தம்பி?” என்றார்.

சிரிப்பின் வேகத்தில் நான் சொல்லிக்கொண்டே போனேன். குழாய், மோட்டார்சைக்கிள், அந்தரத்தில் நிற்கும் கைகள் எல்லாவற்றையும் சொன்னேன். “பேர் சொல்றதுக்கு முந்தி ஒரு மூச்சு விடுவான் மிஸ். அந்த நேரம் அழுற புள்ளயும் வாய மூடும். யார்ட பேர் வரப்போகுது எண்டு ஒவ்வொருத்தனும் தன்ட ஊட்டு ஆக்கள எண்ணிப் பாப்பான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கைபேசிகள் மடியில் கிடந்தன.

“கொழும்பில, மட்டக்களப்பில இவர் ஆரெண்டு தெரியுமோ?” என்று மிஸ் கேட்டார்.

“தெரியாது, மிஸ்.”

“அப்ப அங்க மௌத்து கேக்காது. அந்த மூச்சு மட்டும்தான் கேக்கும்.” பேனையைத் திறந்தார். “ஆக்களை நிப்பாட்டுற குரலைத் தேடித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான்.”

இடம் அவனுக்குப் போனது. போகும்போது மிஸ் என்னைப் பார்த்து, “நீங்க எழுதுவீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

வெளியே தென்னைகளுக்கு நடுவில் ஜௌபர் என்னைக் கட்டிப்பிடித்தான். மேலெல்லாம் றால் பிரட்டல் வாசம்.

“நீ மட்டும் எழும்பிக் கதைக்காட்டி மிஸ் என்னய வெட்டியிருப்பா மச்சான். ஒனக்குத்தான்டா இந்த எடம்.”

“எனக்கா?” என்றேன்.

“பேச்சுக்குச் செல்றன்டா” என்று சிரித்தான். அவன் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அவன் கொழும்புக்குப் போய் ஒரு கிழமைக்குள் பள்ளித் தலைவர் ஹமீட் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இனி மௌத்து அறிவித்தல நீ செல்லு மவன். நீயும் அந்தப் படிப்புத்தானே?”

“என்னது வேற பாடம், ஹாஜியார்.”

“ரெண்டுக்கும் மைக்தானே?”

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், மறுக்க விருப்பமும் இல்லை. அந்த மைக்குக்கு முன்னால் நான் நிற்பதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குள் ஜௌபர் வாட்ஸ்அப்பில் இரண்டு குரல் பதிவுகளை அனுப்பிவிட்டான். ‘மச்சான், ஒனக்குக் கூச்சமெண்டு தெரியும். முன்னுக்கும் பின்னுக்கும் நான் செல்லியீக்கிறன். நடுவுல பேரையும் நேரத்தையும் மட்டும் செல்லு.’ ஹாஜியாருக்கும் அதையே அனுப்பியிருந்தான். அவருக்கு மகா சந்தோஷம்.

அடுத்து வந்த மௌத்து அக்கீலா உம்மாவினுடையது. வயதானவர், பல மாதம் படுக்கையில் கிடந்தவர். நான் கைபேசியை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினேன். கொழும்பிலிருந்து ஜௌபர் எங்கள் ஊருக்கு ஸலாம் சொன்னான். “எமதூரைச் சேர்ந்த” என்றான். பிறகு மூச்சு.

பள்ளி யன்னலால் தெருவைப் பார்த்தேன். மீன் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள் ஓரமாக நின்றது. குழாயடியில் தண்ணீர் நின்றது. நூஹு மாமா வாசலுக்கு வந்து சாரத்தைச் சரிசெய்தார். பதிவு முடிந்துவிட்டது, இனி நான் பேச வேண்டும். நான் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டேன். இந்தத் துண்டாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊர் அசையாமல் நின்றது. பிறகு என் குரலில் பெயரைச் சொன்னேன், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றேன், இரண்டாவது பதிவை அழுத்தினேன்.

பின்னேரம் மையவாடியிலிருந்து திரும்பும்போது வேலிக்கு மேலால் றுக்கியா ராத்தா கூப்பிட்டார்.

“மவன், ஜௌபர் வந்தீக்கிறானா?”

“இல்ல ராத்தா. அது ஃபோன்ல பதிஞ்ச.”

“அல்லாவே, ஆள் பக்கத்துல நிக்கிற மாதிரியே ஈந்திச்சி. என்ன கொரல்டா அது!” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நடுவுல மட்டும் ஒரே கரகரப்பு. முதல்ல கொஞ்ச நேரம் சத்தமே வரல்ல, பொறகு வந்தும் தெளிவில்ல. ஹாஜியார்ட்ட செல்லு, மைக் பழுது போல.”

“ஓம் ராத்தா” என்றேன். “செல்றன்.”