ஸம்ஸியாவின் வேலைச் சாமான்கள்

சாய்ந்தமருதில் ஸம்ஸியா என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். "பொறுக்கிற ஸம்ஸியாவா?" என்று யாராவது ஒருத்தி சிரித்த பிறகுதான் வீட்டைக் காட்டுவார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். தெரிந்து என்ன, குனிந்து பொறுக்கும் பழக்கத்தை அவளால் விட முடியவில்லை.

அபாயா என்கிற கறுப்பு அங்கியின் கைநுனியிலும் கழுத்தோரத்திலும் நூலும் கல்லும் வைத்துப் பூ வேலை செய்கிறார்களே, அதற்குப் பென்சிலால் மாதிரி கீறிக் கொடுப்பதுதான் அவள் தொழில். மெல்லிய தாளில் கீறி, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை குத்தி, கல்முனையில் உள்ள கடைக்குக் கொடுப்பாள். அங்கே தாளைத் துணியில் விரித்து வெள்ளைப் பவுடர் தடவினால் பூ துணிக்கு இறங்கிவிடும். புருஷன் கண்மூடி மவுத்தான நாளிலிருந்து மகள் நஸ்லாவுக்குச் சோறு போட்டதும் படிக்க வைத்ததும் இந்தத் தாளும் ஊசியும்தான்.

மற்றவர்கள் போனைப் பார்த்துக் கீறுவார்கள். ஸம்ஸியா தெருவைப் பார்ப்பாள். பூவைப் பார்த்துப் பூக் கீறினால் ஊரெல்லாம் கீறுகிற அதே பூதானே வரும் என்பாள். பல் விழுந்த ஒரு சீப்பை வைத்துக்கொண்டு, வரிசையான கோடுகளுக்கு நடுவே வெறுமையாக இடம் விட்ட ஒரு கைவேலை கீறினாள். அந்தப் பெருநாளுக்குக் கடையில் அதற்கு அடிபிடி. கடலோரம் ஒதுங்கிய செருப்பின் அடியில் வரிகள் குதிகால் பக்கம் தேய்ந்து மறைந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் கற்களை ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி விட்டு ஐதாக்கினாள். துருப்பிடித்த பூட்டின் சாவித் துவாரம் அவளுக்கு மொட்டு. வலைத்துண்டின் முடிச்சுகள் அவளுக்குக் கொடி. எல்லாவற்றையும் பால்மா டின்களில் போட்டு வைத்திருந்தாள். கீற வேண்டுமென்றால் பாயில் கொட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். சீப்புக்குப் பக்கத்தில் பூட்டு கிடந்தால் ஒன்று தோன்றும், தள்ளிக் கிடந்தால் வேறொன்று தோன்றும். அந்தச் சாமான்கள் இல்லாமல் அவளுக்கு ஒரு கோடும் ஓடாது.

நஸ்லாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஸப்ரி, மருதமுனைப் பிள்ளை. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பான். ஸம்ஸியாவும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்கு ஒதுங்க ஆயத்தமானாள். சந்தோஷமாகத்தான் செய்தாள். ஆனால் மகனை வளர்த்து இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்புகிற தாய்க்கு எப்படி இருக்கும்? ஸப்ரியின் உம்மா ஹுஸ்னியாவுக்கு நாள் நெருங்க நெருங்கப் பயம் கூடிக்கொண்டே போனது. மகனை மருமகள் வீட்டார் கைக்குள் போட்டுக்கொண்ட கதை எத்தனை கேட்டிருப்பாள்!

வீட்டுக்குப் பெயின்ற் அடித்த கிழமை, டின்களை வைக்க இடமில்லாமல் புதுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள் ஸம்ஸியா. புத்தி கெட்ட வேலை. அறை சோடிப்பதற்கு அளவு பார்க்க வந்த ஹுஸ்னியா குனிந்து ஒரு டின்னை இழுத்துத் திறந்தாள்.

"யா அல்லாஹ்! என்ன இது?"

பூட்டிய பூட்டு. முடி சுற்றிய சீப்பு. முடிச்சுப் போட்ட கயிறு. மீன் முள்ளு. அதுவும் மணவறைக் கட்டிலுக்கு அடியில்!

ஓடிவந்த ஸம்ஸியா பதறிப்போய்ச் சொன்னாள்: "பயப்படாதீங்க ராத்தா, அது என்ட வேலதான்."

அந்த ஒரு சொல்லை அவள் வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம். செய்வினை செய்வதையும் இங்கே வேலை என்றுதானே சொல்வார்கள். ஹுஸ்னியாவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப நீதானா செஞ்சு வெச்சிரிக்காய்? என்ட மகனப் பூட்டி வெக்கவா பாத்த?"

"அய்யோ இல்ல ராத்தா! இதப் பாத்துத்தான் நான் பூக் கீறுற."

"பூட்டப் பாத்து ஆருடி பூக் கீறுவா? ஆரப் பேய்க்காட்டுறாய்?"

நம்ப வைக்க ஒரே வழி என்று நினைத்து, கீறிய தாள்களை அள்ளிக்கொண்டு வந்து விரித்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. செய்வினைத் தகட்டில் கீறுவதுபோல் கட்டம் கட்டமாகக் கோடு, கோட்டின் மேல் ஊசி குத்திய துளை. ஹுஸ்னியா தாளைத் தொடக்கூட மாட்டேன் என்று பின்னால் போய், அப்படியே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அன்றைக்கே கலியாணம் நிற்கப் போகிறது என்ற கதை வந்தது. நஸ்லா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வழி சொன்னார்கள். யாரோ ஆகாதவர்கள் வைத்ததென்று ஸம்ஸியா தன் வாயால் சொல்ல வேண்டும். ஓதுகிறவரைக் கூட்டிவந்து ஓதி, எல்லாவற்றையும் கடலில் போட வேண்டும்.

"உம்மா, எனக்காகச் சொல்லுங்க," என்றாள் நஸ்லா. "நமக்குத் தெரியும்தானே என்னெண்டு."

ஸம்ஸியா சொன்னாள். சபையில் எல்லாருக்கும் முன்னால், "ஓம், ஆரோ ஆகாதவங்க வெச்சிரிக்காங்க" என்று பொய் சொன்னாள். ஹுஸ்னியா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். தாள்கள் முற்றத்தில் எரிந்தன. டின்களைக் கடலில் கவிழ்த்தபோது ஸம்ஸியா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கலியாணம் நடந்தது. ஸம்ஸியா பின்னறைக்குப் போனாள். கடைக்காரர் மாதிரி கேட்டு ஆள் அனுப்பினார். அவள் வெறும் தாளை வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தாள். கை போகவில்லை. தெருவில் எதையாவது கண்டு குனிந்தால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கடைசியில் கடைக்காரர் போனில் துபாய்ப் படங்களைக் காட்டி, இதைப் பார்த்துக் கீறுங்கள் என்றார். கீறினாள். எல்லாரும் கீறுகிற பூ. பிறகு அதற்கும் ஆள் வரவில்லை.

அடுத்த வருடம் நஸ்லாவின் வயிற்றில் தங்கிய பிள்ளை கரைந்து போனது. மாமி ஹுஸ்னியா வந்து பக்கத்திலிருந்து பார்த்தாள், தடவிக் கொடுத்தாள், கட்டிலுக்குக் கீழே கிடந்ததைப் பற்றி மெதுவாகக் கதைத்தாள். அவள் போன பிறகு நஸ்லா பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, உண்மையச் சொல்லுங்க. அத ஆரு வெச்ச?"

மகள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தாள் ஸம்ஸியா. முகத்தைப் பார்த்தால் அதில் சிரிப்பில்லை.

"என்ன கேள்வி மகள் இது? உனக்குத் தெரியாதா? என்ட சாமான்தானே. நான்தான் கட்டிலுக்குக் கீழ வெச்ச."

நஸ்லா வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"அப்ப மாமி சொன்னது சரிதான்."

அதற்குப் பிறகு ஸம்ஸியாவின் கையால் ஒரு மிடறு தேத்தண்ணிகூட நஸ்லா வாங்கிக் குடிப்பதில்லை.